மருந்து வந்த வழி: டாக்டர் சுப்பாராவ் வாழ்க்கை

நம் காலனியில் ஒரு வீட்டில் மகளோ மருமகளோ கருவுற்றிருக்கிறாள் என்னும் நற்செய்தி கிடைத்தவுடன், மருத்துவர் எழுதித் தரும் முதற் சீட்டிலேயே தவறாமல் இடம் பெறும் மாத்திரை ஒன்று உண்டு. ஃபோலிக் அமிலம் என்பது அதன் பெயர். மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்காமல் துன்புறும் பெரியவர் ஒருவர் வாரத்திற்கு ஒருமுறை நாள் குறித்து உட்கொள்ளும் மாத்திரை மற்றொன்று. அதன் பெயர் மெதொட்ரெக்சேட். யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக அரசாங்கப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வழங்கும் மாத்திரை வேறொன்று. இம்மூன்றையும் நாம் அறிவோம். இவை மூன்றும் உருவாவதற்குக் காரணமான ஆராய்ச்சிச் சாலை ஒன்றே என்பதையும், அதற்குத் தலைமை தாங்கியவர் நம் பழைய சென்னை மாகாணத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதையும் நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். தாய்மொழி தெலுங்கு, கற்ற இடம் சென்னை, உழைத்த இடம் அமெரிக்கா, பயன் பெற்றது உலகம். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றிடத்தில் வாழும் நம்மனோர்க்கு இவருடைய வாழ்க்கை இரு வகையில் சிந்தனைக்குரியது. ஊரை விட்டு அகன்ற ஒருவர் ஊருக்கு என்ன செய்ய இயலும் என்பது ஒன்று. ஆராய்ச்சிச் சாலையின் கண்ணாடிக் குழாயில் தோன்றும் ஒரு பொருள் நோயாளியின் கைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரியது, வருவாய் சிறியது. பிள்ளைப் பருவத்தில் அவர் உள்ளம் படிப்பில் ஊன்றி நிற்கவில்லை. ஏறத்தாழ பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டே புறப்பட்டு விட்டார். தாயார் விடவில்லை. வழியிலேயே பிடித்துக் கொணர்ந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். தம் நகைகளை விற்றும் மகனைப் படிக்க வைத்த அந்த அம்மையாரின் உறுதி இல்லையேல், நாம் இன்று இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தேர்வில் தவறிய பிள்ளையைப் பார்த்து, இனி இவன் எதற்கும் உதவான் என்று முடிவு கட்டும் பெற்றோர் இதனைச் சற்று நினைவில் இருத்துதல் நலம். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் அவர் உள்ளம் ஈர்க்கப்பட்டது. துறவு பூண விரும்பினார். தாயார் இசையவில்லை. மக்கட்குத் தொண்டு புரிய மருத்துவமும் ஒரு வழியே என்று மடத்தினர் அறிவுரை கூற, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அவருக்குப் பெண் கொடுத்த மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் நண்பர்களும் படிப்புச் செலவுக்கு உதவினர். மனைவியார் பெயர் சேஷகிரி.

கதராடையும் ஒரு பட்டமும்

காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்குமாறு நாட்டு மக்களை வேண்டிய காலம் அது. சுப்பாராவ் கதர் உடுத்தலானார். அதனோடு நில்லாமல், அறுவை மருத்துவக் கூடத்தில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்துக் கொண்டார். இது அறுவை மருத்துவம் கற்பித்த ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் சுப்பாராவ் நன்கு எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியில் நுழைய முயன்றார், அதுவும் கைகூடவில்லை.

கதவுகள் அடைபட்ட அந்நிலையில், சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியர் ஆனார். மேனாட்டு மருத்துவம் கற்றவர் ஆயுர்வேத நூல்களையும் ஆர்வத்தோடு ஆராய்ந்தார். நாட்டு மருந்துகள் நோயைத் தீர்ப்பதைக் கண்ணாரக் கண்டார். ஆயின், அம்மருந்தில் உள்ள எப்பொருள் நோயைத் தீர்க்கிறது, அதனைத் தனியே பிரித்தெடுக்க இயலுமா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினா பின்னர் அவரை விட்டு நீங்கவே இல்லை.

சங்கிரகணி தந்த துயர்

இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருந்தது. சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அவர்களைக் கொண்டு சென்றது, வெப்ப நாடுகளில் வரும் சங்கிரகணி நோய். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு ஓயாது. நாவும் வாயும் புண்ணாகும். இரத்தம் வெளுத்துச் சோகை பற்றும். உடல் நாளுக்கு நாள் உருகும். அந்நாளில் மேனாட்டு மருத்துவத்தில் இதற்கு உறுதியான மருந்து இல்லை. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவம் அவரைக் காத்தது என்பர்.

மருத்துவம் கற்ற ஒருவர் தம் வீட்டிலேயே இருவரைக் காக்க இயலாமல் கைபிசைந்து நின்றார். படித்த படிப்பு எதற்கு என்னும் வேதனை அவரை வாட்டியது. சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரைச் சந்தித்தபின், அமெரிக்கா சென்று வெப்ப நாட்டு நோய்களைக் குறித்து ஆராய்வது என்று முடிவு செய்தார். மாமனார் திரட்டித் தந்த பொருளும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் அளிப்பதாகக் கூறிய உதவியும் துணையாயின. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லி, இளம் மனைவியை ஊரில் விட்டுக் கப்பலேறினார்.

பாஸ்டன் நகரில்

1922ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கிய போது அவர் கையில் பொருள் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப நாட்டு மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். இந்தியாவில் பெற்ற சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணியாற்ற வழியில்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவு நேரப் பணியாளாகச் சேர்ந்து, நோயாளிகளின் கழிகலங்களைத் தூய்மை செய்யும் வேலையையும் செய்தார். பகலில் மாணவர், இரவில் ஏவலர். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் இதனை இழிவெனக் கருதாமல் செய்தார் என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

ஊரில் பிறந்த ஆண் மகவு குழந்தைப் பருவத்திலேயே நோயால் இறந்தது. அச்செய்தியையும் அவர் தொலைவிலிருந்தே தாங்கிக் கொண்டார்.

வெப்ப நாட்டு மருத்துவத்தில் பட்டயம் பெற்ற பின்னர், உயிர் வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பாரிடம் சேர்ந்தார். இருவரும் இணைந்து 1925இல் ஒரு முறையை வெளியிட்டனர். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை, தோன்றும் நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளந்தறியும் முறை அது. கேட்பதற்குச் சிறியது போல் தோன்றும். ஆனால் எலும்பு நோய், சிறுநீரக நோய் முதலியவற்றில் உடலினுள் நிகழ்வதை மருத்துவர் எண்ணால் அறிவதற்கு அது வழி திறந்தது. ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உலகெங்கும் மாணவர்கள் அதனைப் பயின்றனர். அளக்கத் தெரிந்தாலன்றி ஆராய இயலாது. ஆராய்ந்தாலன்றி மருந்து காண இயலாது. முதற்படி இதுவே.

இம்முறையைக் கைக்கொண்டு தசைகளை ஆராய்ந்த போது, 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். தசை இயங்குவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது குறித்து, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நோபெல் பரிசு பெற்றிருந்த விளக்கத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 1929இல், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று இன்று பள்ளி மாணவரும் படிக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பாரும் அதே ஆண்டில் தனித்து அதனைக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார்.

இத்துணை செய்தும், ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி அளிக்கப்படவில்லை. பதினெட்டு ஆண்டுகள் பாஸ்டனில் கழித்த பின்னர், 1940இல், நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்றார். சில ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சித் துறை முழுவதற்கும் தலைவரானார்.

ஈரலும் ஈஸ்டும் கீரையும்

இங்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். சோகை நோய்களுள் கொடிய ஒரு வகைக்குப் பச்சை ஈரலை உணவாகக் கொடுத்தால் குணம் காண்கிறது என்று 1926இல் பாஸ்டன் மருத்துவர்கள் மினோட், மர்ஃபி ஆகியோர் காட்டினர். ஈரலில் உள்ள எந்தப் பொருள் குணம் தருகிறது என்பதை எவரும் அறியார். சுப்பாராவ் பாஸ்டனில் இருந்த காலத்திலேயே ஈரல் சத்தைப் பகுத்துப் பார்க்கத் தொடங்கி விட்டார்.

அதே காலத்தில் நம் பம்பாய் நகரில் வேறோர் ஆராய்ச்சி நடந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928இல் பம்பாய்க்கு வந்தார். நூல் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் மடிவதன் காரணத்தை ஆராய்ந்தார். அவர்கள் உண்ட உணவையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அளித்துப் பார்த்தார். ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான சத்துணவைக் கொடுத்தால் அச்சோகை நீங்குவதைக் கண்டு, 1931இல் வெளியிட்டார். ஈஸ்டில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தெரியவில்லை. நோயாளியின் படுக்கையருகே ஒரு கேள்வி பிறந்து, ஆராய்ச்சிச் சாலையை நோக்கிப் புறப்பட்டது என்று கூறலாம். பரேல், லால்பாக் பகுதிகளின் பழைய ஆலைச் சுவர்களைக் கடந்து செல்லும் நாம், இந்த நீண்ட கதையின் ஒரு தொடக்கம் இந்நகரின் உழைக்கும் பெண்களிடத்தில் இருந்தது என்பதை மறத்தலாகாது.

1941இல் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்னும் மூவர் நான்கு டன் கீரையைப் பிழிந்து, அதனின்றும் நுண்ணுயிர்களை வளர்க்கும் ஒரு சத்தை மிகச் சிறிய அளவில் பெற்றனர். இலை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நான்கு டன் கீரைக்கு ஒரு சிட்டிகைச் சத்து என்றால், அது எந்த நோயாளிக்குப் போதும்? இயற்கையிலிருந்து பிழிந்தெடுப்பது அறிவுக்கு உதவும், மருந்துக்கு உதவாது. மருந்தாக வேண்டுமாயின் அதனைச் செயற்கையாகச் செய்யக் கற்றாக வேண்டும்.

அதுவே பெர்ல் ரிவரில் நிகழ்ந்தது. ஸ்டோக்ஸ்டாட் என்பார் அங்கு ஈரலிலிருந்து அச்சத்தைத் தூய்மையாகப் பிரித்தார். சத்து எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கண்டறிய, பாலில் வளரும் ஒரு வகை நுண்ணுயிரே துலாக்கோலாக உதவியது. எந்தத் துளியில் அது செழித்து வளர்கிறதோ, அந்தத் துளியில் சத்து உண்டு. பின்னர் அப்பொருளைச் சிதைத்து, மூன்று பகுதிகள் இணைந்து ஆனது அது என்று அறிந்தனர். அம்மூன்றையும் மீண்டும் இணைத்து 1945இல் செயற்கையாகவே செய்து முடித்தனர். அச்செய்தியை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் பதினாறு பெயர்கள் இருந்தன. தலைவராகிய சுப்பாராவின் பெயர் அவற்றுள் ஒன்று, முதற்பெயர் அன்று.

படுக்கையருகே கற்ற பாடம்

பொருள் கிடைத்து விட்டது. அது மருந்தாகுமா என்பதை நோயாளியன்றி வேறெவரும் கூற இயலாது. டாம் ஸ்பீஸ் என்னும் மருத்துவர் அலபாமாவில் சோகை நோயாளர்களுக்கும், கியூபா, போர்ட்டோ ரிக்கோ தீவுகளில் சங்கிரகணி நோயாளர்களுக்கும் அதனைக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே புது இரத்தம் ஊறியது, நாப்புண் ஆறியது, பசி எடுத்தது, எழ இயலாதிருந்தவர்கள் எழுந்து நடந்தனர்.

வாசகர்கள் இங்குச் சற்று நிற்க வேண்டுகிறோம். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரைக் கொண்டு சென்ற அதே நோய்க்கு மருந்து கிடைத்து விட்டது. கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. உடன்பிறந்தார் திரும்பி வரப் போவதில்லை. ஆயினும், வேறு யாருடைய உடன்பிறந்தாரோ பிழைத்தனர்.

வெற்றியோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது. மினோட் ஆராய்ந்த அக்கொடிய சோகையில் ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்கியது. ஆனால் அந்நோயில் நரம்புகளுக்கு நேரும் கேட்டை அது தடுக்கவில்லை. இரத்தம் நன்றாக இருப்பது கண்டு மயங்கியிருப்பின் நோயாளியின் கால்கள் மரத்துச் செயலிழந்திருக்கும். ஈரலில் ஒளிந்திருந்த மற்றொரு சத்து உண்டென்பது இதனால் தெளிவாயிற்று. 1948இல் வேறு ஆராய்ச்சிச் சாலைகளில் பிரித்தெடுக்கப்பட்ட பி-12 என்னும் உயிர்ச்சத்தே அது. ஆராய்ச்சிச் சாலையில் உண்மையானது படுக்கையருகிலும் உண்மையாகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கொடுத்துப் பார்த்து, விடாது கவனித்து, தவறு கண்ட இடத்தில் திருத்திக் கொள்வதே மருத்துவ ஆராய்ச்சியின் அறம்.

தீங்கிலிருந்து தோன்றிய மருந்து

அடுத்து நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு லெடர்லியிலிருந்து பெற்ற ஃபோலிக் அமில வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நன்மை விளையும் என்று நம்பினார். இரத்தப் புற்றுநோய் உற்ற குழந்தைகளிடத்தில் நேர் மாறாக, நோய் இன்னும் விரைவாக வளர்வது போல் தோன்றியது. இது பெருந்துயரமான அனுபவம். மற்றொருவராயின் இதனை மறைத்திருக்கலாம், அல்லது மறந்திருக்கலாம். ஃபார்பர் வேறு விதமாகச் சிந்தித்தார். இச்சத்து நோயை வளர்க்குமாயின், இச்சத்தைத் தடுத்தால் நோய் தேயுமன்றோ?

அதற்கேற்ற பொருள்களைச் செய்து தந்தவர்கள் சுப்பாராவின் குழுவினர். ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றி அமினோப்டெரின் என்னும் பொருளைச் செய்தனர். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத சாவி போன்றது அது. உண்மைச் சத்து என்று எண்ணி உயிரணு அதனை ஏற்கும். ஏற்றபின் பெருக இயலாமல் திகைக்கும். விரைந்து பெருகும் புற்றணுக்களுக்கே அதனால் பெருங்கேடு.

1947ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், பாஸ்டனில் ஒரு சிறு குழந்தைக்கு அம்மருந்து முதன்முதலாக அளிக்கப்பட்டது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, மருந்து பெற்ற குழந்தைகள் 16 பேர். குணம் கண்டோர் 10 பேர். வீங்கிய வயிறு வடிந்தது. வெளுத்த முகத்தில் ஒளி திரும்பியது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் விளையாடத் தொடங்கினர். எனினும் அக்குணம் சில மாதங்களே நீடித்தது. நோய் மீண்டது. இதனை ஃபார்பர் ஒளிக்காமல் எழுதினார்.

சில மாதங்கள் தானே என்று எண்ணுதல் கூடாது. அதற்கு முன்னர் இரத்தப் புற்றுநோயை மருந்தால் ஒரு நாளேனும் பின்வாங்கச் செய்யலாம் என்று நம்பியவர் மிகச் சிலரே. அந்தச் சில மாதங்களின் மீதே பின்வந்தோர் அடுக்கடுக்காகக் கட்டினர். அமினோப்டெரினின் தங்கை போன்ற மெதொட்ரெக்சேட், தீங்கு குறைந்ததாக இருந்தமையால் அதன் இடத்தைப் பெற்றது. 1956இல் கருப்பையில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோயை அது அடியோடு குணப்படுத்தியது. பின்னர்ப் பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்தது. இன்று வசதி மிக்க மருத்துவமனைகளில், குழந்தைகளை மிகுதியாகப் பற்றும் இரத்தப் புற்றுநோய் வகையில், பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அச்சிகிச்சையில் மெதொட்ரெக்சேட் இன்றும் இடம் பெறுகிறது.

மண்ணில் கிடைத்த பொன்

அதே ஆண்டுகளில் அவ்வாராய்ச்சிச் சாலையில் வேறு இரண்டு பணிகளும் நடந்தன. கல்லூரிப் பணியில் ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்திருந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவர நூலார் அங்கே பணியில் அமர்ந்திருந்தார். பல இடங்களிலிருந்து மண் வரவழைத்து ஆராய்ந்த அம்முதியவர், மிசூரிப் பல்கலைக்கழகத்தின் வயல் மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதனின்றும் பிறந்ததே ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மகவு அதுவே. பென்சிலின் அணுகாத பல நோய்களை அது வென்றது. 1994இல் சூரத் நகரில் பிளேக் அச்சம் பரவிய போது, மக்கள் மருந்துக் கடைகளில் திரண்டு நின்று வாங்கியது டெட்ராசைக்ளினே.

மற்றொன்று யானைக்கால் நோய்க்குரிய மருந்து. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படையினரை அந்நோய் பற்றியதால், அதற்கு மருந்து தேடும் அவசரம் பிறந்தது. பருத்தி எலிகளின் உடலில் வளரும் புழுக்களின் மீது பல பொருள்களைச் சோதித்து, 1947இல் ஹெட்ராசான் என்னும் மருந்தை வெளியிட்டனர். போர்ட்டோ ரிக்கோவில் நோயாளர்களுக்குக் கொடுத்து அதன் பயனை அறிந்தனர். டி.இ.சி. என்று இன்று வழங்குவது அதுவே. 1955இல் நம் நாட்டில் தொடங்கிய தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டத்திலும், 2004 முதல் நாடு முழுதும் நோயுள்ள மாவட்டங்களில் நடைபெற்ற மருந்து வழங்கலிலும் அம்மருந்தே முன்னின்றது. அமெரிக்கப் படைவீரருக்காகத் தேடப்பட்டது, கும்பகோணத்து உழவருக்கும் கோதாவரிக் கரையின் நெசவாளருக்கும் பயன்பட்டது.

மறைவு

1948 ஆகஸ்ட் மாதம், தமது 53ஆம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. மெதொட்ரெக்சேட் பிழைப்பித்த உயிர்களை அவர் காணவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பவும் இல்லை. முதலில் வறுமை தடுத்தது. பின்னர் ஆராய்ச்சி தடுத்தது. இடையில் போர் தடுத்தது. சேஷகிரி அம்மையார் காத்திருந்த காத்திருப்பு வீணாயிற்று. அவருடைய புகழைப் பாடும் போது இந்த அம்மையாரை நினையாமல் விடுவது நேர்மையாகாது. உலகம் பெற்ற மருந்தின் விலையில் ஒரு பகுதியை, பெயர் தெரியாத ஒரு மூலையில் இருந்து அவர் கொடுத்தார்.

சுப்பாராவுக்கு நோபெல் பரிசு கிட்டவில்லை. கட்டுரைகளில் தம் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, உடனுழைத்தோரை முன்னிறுத்தும் இயல்பினர் அவர். புகைப்படக்காரரையும் செய்தியாளரையும் நாடியவர் அல்லர். பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை ஒன்றை வெளியிட்டது.

நாம் கொள்ள வேண்டுவது

மருந்து என்பது ஒரு மேதையின் தலையில் ஒரு நாள் காலையில் உதிப்பதன்று என்பதே இவ்வாழ்க்கை நமக்கு உணர்த்துவது. பம்பாய் ஆலைப் பெண்களின் வெளுத்த முகத்தில் தொடங்கிய கேள்வி, டெக்சாஸின் கீரையிலும் பெர்ல் ரிவரின் குடுவையிலும் புகுந்து, கியூபாவின் நோயாளிகளிடம் விடை பெற்றது. அங்கும் அது நிற்கவில்லை. கருத்தரிக்கும் முன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தையின் முதுகுத் தண்டிலும் மூளையிலும் நேரும் பிறவிக் குறைகளுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என்பது ஏழு நாடுகளில் நடந்த ஆய்வினால் 1991இல்தான் உறுதியாயிற்று. பொருள் செய்யப்பட்டு நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதன் தலையாய பயன் ஒன்று தெளிவாயிற்று! அதற்குள் கண்டவரும் இல்லை, செய்தவருள் பலரும் இல்லை.

நம் காலனிப் பெரியவருக்கு மூட்டு வாதத்திற்காக மெதொட்ரெக்சேட் எழுதும் மருத்துவர், அதன் பக்க விளைவைத் தணிக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமிலத்தையும் உட்கொள்ளச் சொல்வார். ஒன்று மற்றொன்றின் பகை. இரண்டும் பிறந்த இடம் ஒரே ஆராய்ச்சிச் சாலை. அவ்விரு மாத்திரைகளையும் பெட்டியில் அடுத்தடுத்து வைக்கும் போது, தேர்வில் இருமுறை தவறிய பீமவரத்துச் சிறுவனை ஒரு கணம் நினைப்போமாக.

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். எப்போது திரும்புவோம் என்னும் கேள்வி நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழுவதுண்டு. சுப்பாராவ் திரும்பவில்லை. அவர் செய்த மருந்துகள் திரும்பின. சென்னைக்கும் பீமவரத்துக்கும் மட்டுமல்லாது, அவர் ஒருபோதும் கண்டிராத ஊர்களுக்கும் அவை சென்று சேர்ந்தன. நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் ஆராய்ச்சிச் சாலையின் வாயிலில் நின்று உள்ளே செல்லத் தயங்கும் நாளில், கதரங்கி அணிந்த அந்த மாணவரின் வரலாறு அவர்க்குத் துணை நிற்பதாகுக. விழா மலரில் அவர்க்கு ஓரிடம் அளித்து, அவர் நினைவுக்கும், காத்திருந்த சேஷகிரி அம்மையாரின் நினைவுக்கும் நம் வணக்கத்தைச் செலுத்துகிறோம்.